உள்ளபடியார் வாசித்த நூற்றுப் பதினேழாம் பக்கம்

“என் வாயிலேர்ந்து ஒரு சொல்லு கூடவும் வராது, குறையவும் வராது. புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான். என்னை அறுத்துப் பார்த்தாக்கூட சொந்தமா ஒரு கமா கிடைக்காது.”

சுருட்டுப் பட்டறையின் உயர்ந்த முக்காலியில் ஏறி உட்கார்ந்த முதல் நாளே, நாற்பத்திரண்டு பேர் முன்னால் அவர் இப்படி முழங்கினார். கேட்டவர்கள் கத்திப்பிடியால் பலகையைத் தட்டினார்கள். அந்தப் பட்டறையில் கைதட்டல் என்றால் அதுதான்; ஒரு கையில் இலையும் மறு கையில் கத்தியும் இருக்கும்போது வேறு வழியில்லை. அன்றைக்கு மத்தியானத்துக்குள் ‘உள்ளபடியார்’ என்று பேர் விழுந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அவருடைய சொந்தப் பேரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறோமா என்று தேடிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

சுருட்டுச் சுற்றுவது கைக்கு வேலை, காதுக்கு விடுமுறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மா கிடக்கும் காது தானாக வம்பு தேடிக்கொள்ளும். அதனால் தொழிலாளிகள் தாங்களே ஒரு வாசிப்பவரை வைத்துக்கொண்டார்கள். அவர் ஒரு சுருட்டும் சுற்ற வேண்டாம். அவர் பங்கை ஆளுக்குக் கொஞ்சமாக மற்றவர்கள் சுற்றிவிடுவார்கள். அவர் முக்காலியில் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த புத்தகமும் வாசிக்க வேண்டும். உரக்க, தெளிவாக, நாற்பத்திரண்டு இருமல்களையும் தாண்டி.

இவருக்கு முன்னால் இருந்தவர் நல்ல குரல்காரர். அழ வைப்பார், சிரிக்க வைப்பார். ஆனால் செய்தித்தாளில் வேலைநிறுத்தம் என்று வருகிற இடமெல்லாம் அவருக்கு இருமல் வந்தது. ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த இருமலுக்கு மருந்து முதலாளியின் அறையிலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது என்று. அவரை இறக்கிய கையோடு ஒரு சட்டம் போட்டார்கள். இனிமேல் எந்தப் புத்தகமும் இரண்டு பிரதி வாங்கப்படும். ஒன்று முக்காலியில். இன்னொன்று கீழே, படிக்கத் தெரிந்த ஒருவர் மடியில். அவர் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே வருவார். வாசிப்பவர் ஒரு சொல்லைத் தாண்டினாலோ ஏற்றினாலோ கத்தியை மட்டமாகப் பலகையில் போடுவார். எழுந்து நின்று சரியான வரியைத் தானே உரக்க வாசிப்பார். வாசிப்பவர் அன்றைக்கே முக்காலியை விட்டு இறங்கிவிட வேண்டியதுதான்.

அந்த விரலுக்குச் சொந்தக்காரர் இலைகளைத் தரம் பிரிக்கிறவர். ‘விரல்காரர்’ என்றே பேர். ஆயிரம் இலையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண். பதினோரு வருஷமாக உள்ளபடியாரிடம் ஓர் ஓட்டைக்காகக் காத்திருந்தார். கிடைக்காததால் அவர்மேல் தீராத கோபத்தில் இருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்வதில்லை.

உள்ளபடியாருக்கு இந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தவர். ஒரு பெரிய மனிதர் தன் சுயசரிதையில், தான் பிறந்ததற்கு இரண்டு வருஷம் கழித்துத் தன் பெற்றோருக்குக் கல்யாணம் நடந்ததாக எழுதிவிட்டார். கைப்பிழைதான். அச்சகக்காரர், “பார்த்தீங்களே, மாத்தியிருக்கக் கூடாதா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். “பிழை அவரோடது. அதைத் தொட நான் யாரு?” என்றார் இவர். வேலை போயிற்று. கொள்கை பத்திரமாக இருந்தது.

வீட்டிலும் அதே நேர்மைதான். ஒரு தடவை மனைவிக்கும் அவள் அக்காவுக்கும் சின்ன மனத்தாங்கல். மனைவி இவரைத் தூது அனுப்பினாள். மைத்துனி வாசலில் நின்று இவர் ஒப்பித்தது இது: “‘அவ மூஞ்சியில இனிமே நான் முழிக்கப் போறதில்ல. சின்ன வயசுலேர்ந்தே அவளுக்குக் கொழுப்பு. சரி விடுங்க, போய் சமாதானமா ஏதாவது சொல்லிட்டு வாங்க.’ அவ்வளவுதான் சொன்னா.” அக்கா தங்கை பேச்சு அன்றோடு நின்றது. “சொன்னதைத்தானே சொன்னேன்” என்பதே கடைசி வரை இவர் தரப்பு வாதம்.

பிறகு ஒரு நாள் மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நின்றாள்.

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

அவர் தேடினார். நெஞ்சுக்குள் எங்கேயோ இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் எழுத்தில் எங்கேயும் இல்லை.

“அஞ்சு மணிக்கு வண்டின்னு போட்டிருக்கு” என்றார்.

அவள் அந்த வண்டியைப் பிடித்தாள். அதன்பிறகு அவர் குடியிருந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு தம்ளர். இரண்டாவது தம்ளரை அவர் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பார். யாரும் குடிக்காவிட்டாலும் தூசி படிகிறதே. கடைக்குப் போனால் சாமானைக் கையால் காட்டுவார். நாளுக்கு ஏழு மணி நேரம் பேசுகிற மனிதர், சொந்தமாகப் பேசியது வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் தேறினால் அதிகம். பட்டறையிலும் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. மரியாதைதான் காரணம். “தொண்டைக்கு ஓய்வு வேணும், தொந்தரவு பண்ணாதே” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் அவரைப் படிக்கட்டில் தனியாக விட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள்.

இந்த மரியாதை தெரியாத ஆள் ஒருத்தி மட்டும் இருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து இலையிலிருந்து நடுக்காம்பைக் கிழித்தெடுக்கிற பெண். ‘காம்பு அக்கா’ என்பார்கள், வயது முப்பத்தைந்துதான். ஏழு பிள்ளைகள். எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தில் வருகிறவர்கள் எல்லோரும் உள்ளபடியாரின் பக்கத்து வீட்டில் குடியிருப்பதாக அவளுக்கு ஒரு நம்பிக்கை.

“அண்ணே, நேத்து அந்த ஆளு எந்த இடத்துல விட்டாரு? கோவமா இருந்தாரே, இன்னைக்குத் தேவலையா?”

“அதே கோவம்தான் தங்கச்சி. அடுத்த பக்கம் வரைக்கும் இருக்கு.”

வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் என்றோமே, அதில் முக்கால்வாசி இப்படி அவளுக்குச் சொன்னவைதான்.

அந்த வருஷம் பக்கத்துத் தெருப் பட்டறையில் சுருட்டுச் சுற்ற இயந்திரம் வந்து இறங்கியது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போய் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தார்கள். இயந்திரம் வந்த பிறகு மனிதன் என்ன ஆவான் என்று பெரியவர்கள் யாராவது யோசித்திருப்பார்களே, அதை வாசித்தால் என்ன என்று கேட்டார்கள். அப்படி வாங்கியதுதான் மஞ்சள் அட்டை போட்ட தடிப் புத்தகம். ஆலைகள் வந்த காலத்திலிருந்து யார் யார் என்னென்ன தத்துவம் சொன்னார்கள் என்று ஒரு பேராசிரியர் அதிகாரம் அதிகாரமாகத் தொகுத்திருந்தார். ஒவ்வொரு அதிகாரத்திலும் அந்தந்தத் தத்துவக்காரர் தன் வாயாலேயே பேசுவது போல் எழுதியிருந்தார். வந்தது வம்பு.

முதல் அதிகாரம், யாரையும் எதையும் தடுக்காதே, அவனவன் தன் லாபத்தைப் பார்த்தால் ஊர் தானாக வாழும் என்பது. சுருட்டின் நுனி சீவுகிறவர் அதற்கு உடனே பக்தராகிவிட்டார். மறுநாள் மழை சன்னல் வழியாக அவர் பக்கம் அடித்தது. “மூடுங்கய்யா” என்று கத்தினார்கள். “அதுபாட்டுக்கு விடுங்க. தானா சரியாகும்” என்றார். இரண்டு கட்டு இலை நனைந்து நாசம்.

இரண்டாம் அதிகாரம், எல்லோருடைய சந்தோஷத்தையும் கூட்டிப் பார்த்து, மொத்தம் எதில் அதிகமோ அதைச் செய்ய வேண்டும் என்பது. காம்பு அக்கா தலையைத் தூக்கினாள்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரு குறட்டை விட்டுத் தூங்குறாரு. அவருக்கு ஒருத்தருக்கு சந்தோஷம். மீதி எட்டுப் பேருக்கும் தூக்கம் போச்சு. இந்த ஆளு சொல்றபடி அவரை எழுப்பலாமா?”

“அந்த உதாரணம் இதுல போடல தங்கச்சி.”

“போட்டிருக்கணும். அப்புறம் என்ன படிச்ச ஆளு.”

மூன்றாம் அதிகாரம், தொழிலாளிகள் சேர்ந்து ஒரே குடியிருப்பு, ஒரே சமையல், ஒரே பள்ளி என்று வாழலாம் என்பது. எட்டுக் குடும்பங்கள் கண்ணீர் மல்கத் தீர்மானித்து ஒரே அடுப்பு மூட்டின. புதிய உலகம் நாலு நாள் நீடித்தது. உப்பு விஷயத்தில் கலைந்தது. இன்றைக்கும் அதில் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆறாம் அதிகாரம், பாடுபடுகிறவன் உழைப்பைச் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்பது பற்றியதாம். அது வரும்போது முக்காலியை முதலாளி அறைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காரலாமென்று உள்ளபடியாருக்கு முன்கூட்டியே ஒரு யோசனை இருந்தது.

ஆனால் அதற்குள் நாலாம் அதிகாரம் வந்தது.

அந்த வாரம்தான் காம்பு அக்காவின் கடைசிக் குழந்தை, நாலு மாதக் கைக்குழந்தை, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. பட்டறையிலிருந்து எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆறுதல் சொல்வதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. “ஒரு விதத்துல நல்லதுன்னு நினைச்சுக்க. மீதி ஆறு இருக்கே. ஒரு வாய் குறைஞ்சுது” என்று சுற்றுகிறவர்களில் மூத்தவள் சொன்னாள். நுனி சீவுகிறவர், “எல்லாம் தானா சரியாகும்” என்றார்.

உள்ளபடியாரும் போனார். வேலை முடிந்து, கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, அவள் தெரு முனை வரைக்கும் போனார். வாசல் தெரிந்தது, பிள்ளைகளின் செருப்புகள் கிடந்தன. உள்ளே போனதும் ஏதாவது சொல்ல வேண்டும். கையில் புத்தகம் இல்லாமல் ஒரு வாசலுக்குள் நுழைந்து என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தை இரண்டு தடவை வாசித்தார். திரும்பி வந்துவிட்டார்.

அவள் இல்லாத ஒன்பது நாளும், நேற்று எங்கே விட்டார் என்று கேட்க ஆளில்லை. அவர் எங்கே விட்டாரோ அங்கேயே மறுநாள் தொடங்கினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் பகுதியை முந்தின சாயங்காலமே ஒரு தடவை வாசித்துப் பழகிக்கொள்வது அவர் வழக்கம். ஒன்பதாம் நாள் சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து நூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தார். ஆட்கள் பெருகுவதைப் பற்றி எழுதிய தத்துவக்காரர் அங்கே இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்: ‘வேலைக்கு மிஞ்சிப் பிறக்கும் குழந்தை இயற்கையின் பிரதியில் விழுந்த பிழை. நோயைக் கொண்டு இயற்கை அதைத் திருத்துகிறது. திருத்தப்பட்ட பிழைக்காக அழுகிற தாய், தன் மற்றப் பிள்ளைகளின் லாபத்தை எண்ணிப் பார்க்காத அறிவீனி.’

திருத்துவது, பிழை, பிரதி. எல்லாம் அவருடைய சொந்தத் தொழில் சொற்கள். முதல் தடவையாக அவருக்கு அவை பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் வந்துவிட்டாள். எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, இலையை மடியில் விரித்து, காம்பைக் கிழிக்கத் தொடங்கினாள். தலை தூக்கவில்லை. அந்த ஆளுக்குத் தேவலையா என்று கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் உள்ளபடியார் படிக்கட்டிலிருந்து எழுந்து விரல்காரரிடம் போனார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. விரல்காரருக்கு வாயில் போட்ட கவளம் நின்றுவிட்டது.

“இந்த நாலாம் அதிகாரத்தை விட்டுட்டு, நேரா அஞ்சுக்குப் போயிடலாமா?”

“ஏன்?”

“சும்மாதான். கொஞ்சம் இழுவையா இருக்கு.”

விரல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “முதலாளி அறைக்குக் காலையில போனீங்களோ?”

“இல்ல.”

“உங்களுக்கு முன்னாடி வாசிச்ச ஆளுக்கும் இப்படித்தான் இருமல்ல ஆரம்பிச்சுது.”

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவள் நாலு அடி தள்ளி உட்கார்ந்து, பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லவும் வழியில்லை. வாசிப்பவருக்குத் தொண்டை கட்டினால் விரல்காரர் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். அவர் ஒரு சொல் விடாமல், ஓட்டை தேடுகிற அந்தக் குரலில் வாசிப்பார்.

இறங்கினால் முக்காலி போகும். முக்காலி போனால் ஏழு மணி நேரம் போகும். பிறகு அந்த அறையும் இரண்டு தம்ளரும்தான். இதையெல்லாம் அவர் எண்ணிப் பார்த்தார் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் அவர் மணியடித்ததும் வழக்கம் போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, நூற்றுப் பதினைந்தாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பதினைந்து போயிற்று. பதினாறு போயிற்று. நாற்பத்திரண்டு ஜோடிக் கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

“‘வேலைக்கு மிஞ்சிப் பிறக்கும் குழந்தை’” என்று வாசித்தார். நிறுத்தினார். கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. “‘என்று ஒன்று உலகத்தில் இல்லை. குழந்தை வந்துவிட்டது, வேலை போதவில்லை என்றால் பிழை வேலையில் இருக்கிறது. அந்தக் குழந்தை போய்விட்டால் அதன் இடம் காலியாக இருக்கும். அதை யாரும் லாபம் என்று சொல்லக் கூடாது.’”

கத்தி மட்டமாகப் பலகையில் விழுந்தது.

பதினோரு வருஷத்தில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. சுற்றிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. பின்வரிசையில் ஒருவர், “உள்ளபடியாரா? நம்ம உள்ளபடியாரா?” என்றார். யாரோ, “சரியா வாசிங்க விரல்காரரே, கேப்போம்” என்றார்.

விரல்காரர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் பதினோரு வருஷத்து விளைச்சல் அறுவடைக்கு வந்த பளபளப்பு. புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். உரக்க வாசிக்குமுன் ஒரு தடவை மனசுக்குள் வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. ‘பிழை’ என்ற இடத்தில் அசைந்தது. ‘அறிவீனி’ என்ற இடத்தில் நின்றது.

காம்பு அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான வரி என்னவென்று தெரிந்துகொள்ள எல்லோரையும் போல அவளும் காத்திருந்தாள். மடியில் பாதி கிழிந்த இலை.

விரல்காரர் தொண்டையைச் செருமினார்.

“ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான்தான் வேற பக்கத்துல விரலை வச்சுட்டேன். அவரு சரியாத்தான் வாசிச்சாரு.”

கூரை அதிரச் சிரித்தார்கள். “விரலுக்கும் வயசாயிடுச்சுய்யா” என்றார் நுனி சீவுகிறவர். “கண்ணாடியை மாத்துங்க, இல்ல விரலை மாத்துங்க” என்றாள் மூத்தவள். விரல்காரர் உட்கார்ந்து கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தார். முக்காலியின் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளபடியாரும் அவரைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் அவர்கள் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

சிரிப்பு அடங்கியதும் முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. பத்து நாளாகப் பேசாத குரல் என்பதால் கொஞ்சம் கரகரத்தது.

“அண்ணே. அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிங்க.”

“எந்த இடம் தங்கச்சி?”

“காலியா இருக்கும்னு சொன்னாரே. அது.”

உள்ளபடியார் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார். அங்கே அறிவீனி என்று அச்சாகியிருந்தது. சற்று முன்னால் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். முதல் பாதி நினைவிருந்தது.

“‘அந்தக் குழந்தை போய்விட்டால்’” என்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரல் வைத்து வாசித்தார், “‘அதன் இடம் காலியாக இருக்கும். ரொம்ப நாள் இருக்கும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போதெல்லாம் தெரியும். அதை யாரும் லாபம் என்று சொல்லக் கூடாது.’”

மூத்தவள் குனிந்து இலையைத் தேட ஆரம்பித்தாள். காம்பு அக்கா தலையை ஆட்டிக்கொண்டு, மடியில் கிடந்த இலையின் மீதிப் பாதியைக் கிழித்தாள்.

“இந்த ஆளு பரவாயில்ல அண்ணே” என்றாள். “மேல வாசிங்க.”

அவர் பக்கத்தைப் புரட்டினார். அந்த அதிகாரத்தில் இன்னும் பதினான்கு பக்கம் இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மேலே வாசித்தார்.